தரையில் விரியும் கால், தாவும்போது ஏன் விரிவதில்லை?

கேள்வி: எனக்கு வயது 24. கோவையில் ஐ.டி. வேலை. ஏழு வயதில் பரதம் கற்க ஆரம்பித்து, பதினெட்டு வயதில் அரங்கேற்றம் முடித்தேன். ஒன்றரை வருடமாக பாலே அடிப்படையில் சொல்லித்தரும் கன்டெம்பரரி வகுப்புக்குப் போகிறேன். இன்னும் நான்கு மாதத்தில் வகுப்பின் மேடை நிகழ்ச்சி. அதில் மேடையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை அடுத்தடுத்து மூன்று கிராண்ட் ஜெட்டே (ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் விரித்துப் பறக்கும் பெரிய தாவல்) தாவ வேண்டும். வலது காலை முன்னே நீட்டித் தரையில் உட்கார்ந்தால் முழு ஸ்ப்ளிட் வருகிறது. தாவும்போது அதில் பாதிகூட விரிவதில்லை. வீடியோவில் பார்த்தால் பின்னங்கால் முட்டி மடங்கித் தொங்குகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது, 'தொம்' என்று சத்தத்தோடு இறங்குகிறேன். தினமும் மாலையில் மொட்டை மாடியில் பயிற்சி செய்கிறேன். மூன்று வாரமாக வலது காலில் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்ஓரமாக வலி. வார்ம் அப் செய்ததும் குறைந்துவிடுகிறது, மறுநாள் காலையில் திரும்ப வருகிறது. பின்காலை நாற்காலி மேல் வைத்து ஓவர் ஸ்ப்ளிட் (நேர்கோட்டையும் தாண்டிக் காலை விரிப்பது) செய்தால் சரியாகிவிடும் என்கிறாள் தோழி. நான் இன்னும் ஸ்ட்ரெச் செய்ய வேண்டுமா? 24 வயது தாமதமா? பரதம் பழகிய உடம்பு இதற்குத் தடையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன வலியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் நடனக் கலைஞர்களுக்கு பிசியோதெரபி செய்கிறவள். ஆடுகிறவர்கள் வலியை எப்போதும் இப்படித்தான் போகிற போக்கில் சொல்வார்கள். உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த வலிதான்.

இன்று இரவு கட்டிலில் உட்கார்ந்து வலது காலை நீட்டிக்கொள்ளுங்கள். கணுக்காலின் உள்பக்க முண்டுக்கு மேலே ஆரம்பித்து, முன் எலும்பின் உள்ஓரத்தைக் கட்டைவிரலால் விரற்கடை விரற்கடையாக அழுத்திக்கொண்டே முழங்கால் வரை போங்கள். நாலு விரல் அகலத்துக்கு மேல் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது ஷின் ஸ்பிளிண்ட்ஸ் என்று ஓட்டக்காரர்களும் ஆடுகிறவர்களும் சொல்லும் நிலை. எலும்பின் மேல்பரப்பும் அதை ஒட்டிய தசைகளும் தாங்கும் அளவைத் தாண்டி அடி வாங்கியிருக்கின்றன என்று அர்த்தம். அப்படியில்லாமல் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீர் என்று வலித்தால், அல்லது ராத்திரி தூக்கத்தில் வலி எழுப்பினால், அல்லது சும்மா நடக்கும்போதே வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பது அதைத்தான். அப்போது தாமதிக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள், முடிந்தால் விளையாட்டுக் காயங்களைப் பார்ப்பவராக. ஆரம்ப வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். 'எக்ஸ்ரே கிளியர்' என்ற ஒரு வார்த்தையை நம்பி ஆடப் போய், மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள், எடுத்துவிடுங்கள்.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், அதாவது வார்ம் அப்பில் குறைந்து மறுநாள் காலையில் திரும்புவதைப் பார்த்தால், முதல் வகையாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் கடிதத்தை வைத்துக்கொண்டு அதை நான் முடிவு செய்யக் கூடாது. தொட்டுப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். எந்த வகையானாலும் அடுத்த இரண்டு வாரம் தாவல் கிடையாது. வகுப்புக்குப் போங்கள், பார் என்ற கைப்பிடிக் கம்பியைப் பிடித்துச் செய்வதை எல்லாம் செய்யுங்கள், கை, உடம்பு, தரையில் படுத்துச் செய்யும் பயிற்சி எல்லாம் நடக்கட்டும். கால் மட்டும் தரையை விட்டு எழும்ப வேண்டாம்.

கூடவே ஒன்று கேட்கிறேன், கூச்சப்படாமல் உங்களுக்குள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். மாதவிடாய் மாதாமாதம் சரியாக வருகிறதா? நிகழ்ச்சி வருகிறது என்று சாப்பாட்டைக் குறைத்திருக்கிறீர்களா? உடம்புக்குத் தேவையான சக்தி உள்ளே போகாதபோது எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்வதும் குறைகிறது, மாதவிடாயும் தள்ளிப்போகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் மருத்துவக் குழு 2014ல் இதற்குத் தனிப் பெயரே கொடுத்து எச்சரித்தது. காலை எழுந்து வெறும் காபியோடு ஆபீஸ் போய், மதியம் ஒரு சின்ன டப்பா சோறு, மாலையில் இரண்டு மணி நேரத் தாவல் என்று இருந்தால் எந்தப் பயிற்சியும் அந்தக் காலைக் காப்பாற்றாது. மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போயிருந்தால் அதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த மொட்டை மாடி. அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கான்கிரீட்டின் மேல் தட்டோடு பதித்த தரை துளிகூட அமுங்காது. நீங்கள் இறங்கும் வேகம் முழுவதையும் எலும்புதான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கிராண்ட் ஜெட்டேயில் இறங்கும் கால், உடம்பு எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகிறது, அதுவும் ஒற்றைக் காலில். இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. மழைத் தண்ணீர் ஓடுவதற்காக மொட்டை மாடியைச் சாய்வாகத்தான் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வில் ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்பத் தாவினால் ஒவ்வொரு முறையும் பாதம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ ஒருக்களித்துத்தான் விழும். பாலே பள்ளிகள் அடியில் காற்று இடைவெளி விட்டு மரத்தளம் போட்டு, மேலே வினைல் விரிப்பது பகட்டுக்காக இல்லை. உங்கள் வகுப்பில் அப்படித் தளம் இருந்தால் தாவலை அங்கே மட்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஷட்டில் ஆடும் மரத்தள உள்ளரங்கம் ஏதாவது வாடகைக்குக் கிடைக்கும். வீட்டு டைல்ஸ் மேல் யோகா பாய் விரித்துத் தாவுவது இன்னும் மோசம், பாய் வழுக்கினால் கணுக்கால் போய்விடும்.

சரி, இப்போது தாவலுக்கு வருவோம்.

முழு ஸ்ப்ளிட் வருகிற உங்களை இன்னும் ஸ்ட்ரெச் செய்யச் சொல்வதில் எந்தப் பயனும் இல்லை. தரையில் ஸ்ப்ளிட் உட்காரும்போது காலை விரிப்பது உங்கள் தசை இல்லை, உங்கள் எடை. தரை கீழிருந்து தாங்குகிறது, எடை மேலிருந்து அழுத்துகிறது, தசைக்கு அங்கே விட்டுக்கொடுப்பது மட்டும்தான் வேலை. தாவலில் தரையும் இல்லை, அழுத்தும் எடையும் இல்லை. உங்கள் தசையே இரண்டு கால்களையும் வீசித் தூக்க வேண்டும். அதற்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். சுவரை இடது கையால் பிடித்து நேராக நில்லுங்கள். வலது காலை வலது கையால் பிடித்து முன்னே எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவு தூக்குங்கள். இப்போது கையை எடுங்கள். கால் எவ்வளவு கீழே வந்து நிற்கிறது? இடது காலைப் பின்னால் தூக்கியும் பாருங்கள், யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, பிறகு விடச் சொல்லுங்கள். முன்கால் இடுப்பு உயரத்திலும், பின்கால் அதற்கு ஒரு முழம் கீழேயும் நின்றால், தாவலில் உங்களால் விரிக்க முடிவது ஏறக்குறைய அவ்வளவுதான். வீசும் வேகம் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். கையால் தூக்கியதற்கும் கையை விட்டதற்கும் உள்ள அந்த இடைவெளியைத்தான் நீங்கள் அடுத்த நான்கு மாதத்தில் குறைக்க வேண்டும். அதைக் குறைப்பது பலம், ஸ்ட்ரெச் இல்லை.

பின்கால் விஷயத்தில் உடம்பின் அமைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். இடுப்பு மூட்டிலிருந்து மட்டும் தொடை பின்னால் போவது சுமார் 15 முதல் 20 டிகிரிதான். மூட்டின் முன்பக்கம் இருக்கும் தடித்த தசைநார் அதற்கு மேல் விடாது. ஒற்றைக் காலில் நின்று மறு காலைப் பின்னால் நீட்டும் அராபெஸ்க்கில் கால் அவ்வளவு உயரம் போவதாகத் தெரிவதெல்லாம் இடுப்பெலும்பு முன்னால் சாய்வதாலும் கீழ்முதுகு வளைவதாலும்தான். ஆகவே பின்காலைத் தூக்குவது முதுகும் புட்டத் தசையும் வயிற்றுத் தசையும் சேர்ந்து செய்கிற வேலை. வயிறு தளர்ந்திருந்தால் அந்த வளைவு முழுவதும் கீழ்முதுகின் ஒரே இடத்தில் விழும், நாளடைவில் அங்கே வலி ஆரம்பிக்கும்.

நாற்காலியில் காலை வைத்து ஓவர் ஸ்ப்ளிட் செய்யும் யோசனையை மரியாதையாக மறுத்துவிடுங்கள். முன்காலின் பின்தொடைத் தசை, நாம் உட்காரும்போது தரையில் படும் எலும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஓவர் ஸ்ப்ளிட் இழுப்பது அந்த ஒட்டுமிடத்தை. அங்கே ஒரு தடவை புண்பட்டால் ஆபீஸ் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார முடியாது, ஆறுவதற்குப் பல மாதம் ஆகும். அந்த இடத்து வலிக்கு ஸ்ட்ரெச் செய்தால் இன்னும் கூடும்.

அடுத்தது நேரம். 30 சென்டிமீட்டர் எழும்புகிற ஒருவர் தரையை விட்டு இருக்கும் மொத்த நேரம் ஏறக்குறைய அரை வினாடி. அந்த அரை வினாடியிலும் சரிபாதி, உச்சியை ஒட்டிய ஏழெட்டு சென்டிமீட்டரில் கழிகிறது. மேலே எறிந்த எந்தப் பொருளுக்கும் இதே கணக்குதான், உச்சிக்குப் பக்கத்தில் வேகம் குறைந்துவிடுவதால். கால்கள் முழுதாக விரிந்திருக்க வேண்டியது அந்தச் சின்ன இடைவெளியில். இன்னொன்று, கால் நுனி தரையை விட்ட கணத்தில் உங்கள் எடை மையம் போகும் வளைகோடு முடிவாகிவிடுகிறது. அதற்கப்புறம் நீங்கள் என்ன செய்தாலும் அந்தக் கோடு மாறாது. ஆனால் உடம்பின் எந்தப் பகுதி அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும், எது கீழே என்பதை மாற்றலாம். உச்சியை நெருங்கும்போது கால்களும் கைகளும் உயர்ந்தால் எடை மையம் உடம்புக்குள் மேல்நோக்கி நகர்கிறது. அப்போது மையம் வளைந்து ஏறி இறங்கினாலும் தலையும் மார்பும் கொஞ்ச நேரம் ஒரே மட்டத்தில் போகின்றன. பார்க்கிறவர் கண் தலையைத்தான் தொடர்கிறது, அதனால் ஆடுகிறவர் மிதப்பதாகத் தெரிகிறது. 1911ல் மோன்டே கார்லோ மேடையில் பாலே கலைஞர் நிஜின்ஸ்கி ஜன்னல் வழியாகத் தாவி மறைந்ததை நூறு வருடம் கழித்தும் பேசுகிறார்கள் என்றால், அவருடைய அபாரமான கால் பலத்தோடு இந்த மிதப்பும் அதில் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

உங்கள் வீடியோவை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் கால் விரிய ஆரம்பிப்பது உச்சியைத் தாண்டிய பிறகு. தாவி, மேலே போய், அப்புறம் விரிக்கலாம் என்று உடம்பு காத்திருக்கிறது. மேலே போனபின் அதற்கு நேரம் கிடையாது. முன்கால் வீசி எழும் வேலை இடது கால் தரையில் இருக்கும்போதே தொடங்கியிருக்க வேண்டும். இடது பாதத்தின் நுனி தரையை விடும்போது வலது கால் கிட்டத்தட்ட இடுப்பு உயரத்துக்கு வந்துவிட வேண்டும். இதை உங்கள் ஃபோனிலேயே சரிபார்க்கலாம். ஃபோனை இடுப்பு உயரத்தில், நீங்கள் ஓடும் பாதைக்குப் பக்கவாட்டில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். ஆளை மயக்கும் உச்சிப் படத்தை விட்டுவிடுங்கள். இடது பாதம் தரையை விடும் அந்த ஒரு ஃபிரேமில் நிறுத்துங்கள். வலது கால் எங்கே இருக்கிறது? இடது முழங்கால் நீண்டிருக்கிறதா, கணுக்கால் முழுதாக நீட்டித் தள்ளியிருக்கிறதா? பின்கால் மடங்கித் தொங்குவதற்கான பதில் அந்த ஃபிரேமில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் என்றால், வலது கால் முன்னே போகும் தாவலில் உங்களைத் தூக்கிவிடுவதும் இடது கால், பின்னால் விரிவதும் அதே இடது கால். அதற்கு இரண்டு வேலை. முதலில் தரையைக் கடைசி வரை, பெருவிரல் நுனி வரை தள்ள வேண்டும். அப்புறம்தான் பின்னால் பறக்க வேண்டும். ஸ்ப்ளிட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டு தாவுகிறவர்கள் முதல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டாவதற்கு ஓடுகிறார்கள். பாதி தள்ளிய காலில் முட்டி மடங்கியே இருக்கும், உயரமும் கிடைக்காது, விரிக்க நேரமும் போதாது. என்னிடம் வருகிறவர்களிடம் நான் முக்கியமாகச் சொல்வது இதைத்தான்: ஸ்ப்ளிட்டை மறந்துவிட்டுத் தரையை முழுசாகத் தள்ளுங்கள். நன்றாகத் தள்ளிய கால், பலம் இருந்தால், தானே நீண்டு பின்னால் போகும்.

உங்கள் பரதப் பயிற்சி இங்கேதான் உள்ளே வருகிறது. அது தடையா என்று கேட்டிருந்தீர்கள். தடை இல்லை, ஆனால் இரண்டு பழக்கங்களைத் தெரிந்து மாற்ற வேண்டும்.

ஒன்று, அரைமண்டி, அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை. பதினேழு வருடத்தில் பாதி நேரம் அரைமண்டியில் இருந்திருப்பீர்கள். அதில் உட்கார்ந்து நிலைத்து நிற்கத்தான் உங்கள் தொடைகள் பழகியிருக்கின்றன. எழும்பக் கூடாது என்று திட்டு வாங்கி வாங்கித்தானே கற்றோம்! தாவலுக்கு முன் முழங்காலை மடக்கி இறங்கும் பிளியே வெளியிலிருந்து பார்த்தால் அரைமண்டி மாதிரி இருந்தாலும் அதில் தங்கக் கூடாது. குதிகால் தரையில் பட, முழங்கால் மடங்கி இறங்கும்போது கெண்டைக்கால் தசையும் குதிகாலுக்கு மேல் உள்ள தசைநாணும் இழுபடுகின்றன. இழுபட்ட மறுகணமே திரும்பினால் அந்த இழுப்பு மேலே தூக்கும் விசையோடு சேரும். அங்கே ஒரு நொடி உட்கார்ந்துவிட்டால் அது வீணாகிவிடும், பிறகு வெறும் தசை பலத்தில் எழும்ப வேண்டியதுதான். பரதம் கற்று பாலேக்கு வருகிற பலரிடமும் இந்தச் சின்னத் தேக்கத்தைப் பார்க்கிறேன். பிளியே ஆழமாகவும் அழகாகவும் இருக்கும், ஆனால் அதிலிருந்து உடனே கிளம்ப மாட்டார்கள். கிளம்பும் காலின் முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராகப் போகிறதா என்பதையும் கவனியுங்கள். அரைமண்டி நினைப்பில் பாதத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் திருப்பி வைத்தால், முன்னால் போக வேண்டிய விசை பக்கவாட்டில் சிதறும், முழங்காலும் முறுக்கிக்கொள்ளும்.

இன்னொன்று தாளம். எனக்கு மிகவும் சுவாரசியமாகத் தோன்றுவது இதுதான், ஏனென்றால் இதைப் பிசியோதெரபி பாடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை, ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் புரிந்தது. பரதத்தில் முதலில் கற்கும் தட்டடவிலிருந்தே நமக்குத் தாளம் விழுவது தரையில். 'தையா தை' என்று ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழி விழும் இடத்தில் பாதம் தரையில் அறைய வேண்டும். சின்ன வயதிலிருந்து உடம்பு அதை வாங்கிக்கொண்டுவிட்டது. பாலேயின் பெரிய தாவல்களில் எண்ணிக்கை பெரும்பாலும் மேலே விழுகிறது. 'ஒன்று' என்று இசை அழுத்தும்போது ஆடுகிறவர் உச்சியில் விரிந்திருக்க வேண்டும். கிளம்புவது அதற்கு முந்தைய அரை எண்ணில். நீங்கள் இசை கேட்டுத் தாவும்போது உங்களை அறியாமலே தாளத்தில் தரையைத் தொட ஓடி வருகிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். அதனால்தான் 'தொம்'. பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் அறைவது தட்டடவுக்குச் சரி, அங்கே அது பாதத்தின் நாதம். தாவிய உயரத்திலிருந்து ஒற்றைக் காலில் அப்படி இறங்கினால் அந்த அறை முழுவதும் முன் எலும்பில் போய்ச் சேரும். உங்கள் வலி வலது காலில், அதாவது இறங்கும் காலில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை மாற்றத் தாவவே வேண்டாம். இந்த இரண்டு வார ஓய்விலேயே ஆரம்பிக்கலாம். நிகழ்ச்சிப் பாட்டைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். எண்ணிக்கை விழும்போது கைதட்டாமல், இரண்டு கைகளையும் மேலே விரியுங்கள், அதற்கு முந்தைய அரை எண்ணில் முழங்காலை மடக்குங்கள். 'தை' என்று வாய் சொல்லும்போது கை உச்சியில் இருக்க வேண்டும். முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

பரதம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் ஒரு பெரிய உதவியையும் சொல்ல வேண்டும். குதித்து மெட்டடவு ஆடியிருக்கிறீர்கள். முன்பாதத்தில் குதித்து, குதிகாலை அப்புறம் இறக்குவதுதானே அது. 'தை ஹத் தை ஹி' சொல்லிக்கொண்டு மூன்று காலங்களிலும், அதாவது மூன்று வேகங்களிலும், அதை ஆடிய கணுக்காலுக்கு முன்பாதத்தில் உடம்பைத் தாங்கத் தெரியும். தாவி இறங்கும்போது விரல்கள், முன்பாதம், குதிகால் என்று வரிசையாகத் தரையைத் தொட்டு முழங்கால் மடங்க வேண்டும் என்கிறோம். அந்த மெட்டின் சத்தத்தை முழுவதும் எடுத்துவிட்டு, மெதுவாகச் செய்து பாருங்கள், வழி கிடைக்கும். கலாக்ஷேத்ராவை 1936ல் தொடங்கிய ருக்மிணி தேவியே பரதத்துக்கு முன், புகழ்பெற்ற ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர்தான். ஒரே உடம்பில் இரண்டும் இருக்க முடியும்.

உடம்பு முன்னால் சாய்வதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பின்காலைத் தூக்க முதுகுக்குப் பலம் போதாதபோது மார்பு கீழே போகும். அல்லது இறங்கும் இடத்தைக் கண் தேடும். பார்வையை எதிர்ச் சுவரில் உங்கள் கண் உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். கைகளைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கில் ஆகஸ்ட் போர்னோன்வில் வளர்த்த பாலே பாணியில் கைகளைப் பெரும்பாலும் தாழ்வாக, அமைதியாக வைத்துக்கொண்டே பெரிய தாவல்களைச் செய்கிறார்கள். நீங்களும் முதல் மாதங்களில் அப்படிக் கையைத் தாழ்த்தியே பழகலாம். கிளம்பும் கணத்தில் கை மேலே வீசுவது உயரத்துக்கு உதவும் என்பது உண்மை, அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியை எப்படிப் பிரிப்பது? வலி அனுமதிக்கும் அளவில் கெண்டைக்காலிலிருந்து தொடங்குங்கள். சுவரில் விரல் மட்டும் வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலை முழு உயரத்துக்கு எழுப்பி மெதுவாக இறக்குங்கள். ஒரே மூச்சில் 25 தடவை, உயரம் குறையாமல், ஒவ்வொரு காலிலும் வர வேண்டும். முழங்காலை நீட்டியும் செய்யுங்கள், லேசாக மடக்கியும் செய்யுங்கள். மடக்கிச் செய்யும்போது உள்ளே இருக்கும் இன்னொரு தசை வேலை செய்கிறது, தாவி இறங்கும்போது முன் எலும்பைக் காப்பது பெரிதும் அதுதான். இதோடு மல்லாந்து படுத்து ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்குவது, குப்புறப் படுத்து நேராக நீட்டிய காலைத் தூக்கி நிறுத்துவது, நின்று முன்காலைக் கை உதவி இல்லாமல் தூக்கிப் பிடிப்பது. இவற்றை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். தினமும் செய்தால் தசைக்கு வளர நேரம் கிடைக்காது.

வலி போய், 25 வந்த பிறகு ஒரு சோதனை. ஒற்றைக் காலில் 16 முறை அதே இடத்தில் சின்னச் சின்னதாகக் குதியுங்கள். இடுப்பு ஒரு பக்கம் இறங்காமல், முழங்கால் உள்ளே சாயாமல், பாதம் ஒவ்வொரு தடவையும் நீண்டு, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். விரல் நுனியில் நின்று ஆட உதவும் பாயின்ட் ஷூ போடத் தயாரா என்று மாணவிகளைப் பார்க்கவும் இதே மாதிரி சோதனை உண்டு, அங்கே பாதியாவது சரியாக வந்தால் போதும் என்பார்கள். உங்களிடம் நான் முக்கால்வாசி எதிர்பார்க்கிறேன், நீங்கள் செய்யப்போவது அதைவிடப் பெரிய வேலை. அடுத்த நாள் காலையில் எலும்பு ஓரத்தில் வலி இல்லாவிட்டால்தான் அடுத்த கட்டம்.

அடுத்த கட்டம் ஷாஸே (ஒரு கால் மற்றதைத் துரத்துவது போலச் சறுக்கிப் போகும் அடி), ஒரு அடி, தாவல். ஆனால் ஸ்ப்ளிட் இல்லாத தாவல். முன்கால் இடுப்பு உயரம் வந்தால் போதும், பின்கால் நீண்டிருந்தால் போதும். எல்லாக் கவனமும் கடைசி அடியில் குதிகால் தரையைத் தொடுவதிலும், அங்கே தங்காமல் உடனே தள்ளுவதிலும், சத்தமில்லாமல் இறங்குவதிலும் இருக்கட்டும். ஓட்டத்தை அவசரமாக வேகப்படுத்தாதீர்கள். வேகம் கூடிவிட்டால் அதை மேலே திருப்பக் காலுக்குப் பலம் பற்றாது, தாவல் நீளமாகவும் தட்டையாகவும் போய்விடும். ஒரு துப்பட்டாவைத் தரைக்குக் குறுக்கே போட்டு அதைத் தாண்டுங்கள், ஆனால் தாண்ட நினைக்க வேண்டியது தூரத்தை இல்லை, உயரத்தை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு பக்கமும் பத்துப் பதினைந்து தாவல், அவ்வளவுதான். களைத்த பிறகு எடுக்கும் தாவல்கள் தப்பான பழக்கத்தைத்தான் உடம்பில் ஏற்றும். இதற்கு நான்கைந்து வாரம் கொடுங்கள். இடது கால் முன்னே வரும் பக்கத்தையும் விடாதீர்கள், மேடையில் அது தேவைப்படாவிட்டாலும். அதற்கு அப்புறம் விரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் தாவல்களைப் பாதியாகக் குறையுங்கள்.

ஸ்ட்ரெச்சை முழுதாக விட வேண்டியதில்லை. வகுப்பு முடிந்த பிறகு, உடம்பு சூடாக இருக்கும்போது, இருக்கும் ஸ்ப்ளிட்டைக் காப்பாற்றும் அளவுக்குச் செய்யுங்கள். தாவுவதற்குச் சற்று முன் நிமிடக்கணக்கில் ஸ்ப்ளிட்டில் உட்காராதீர்கள். நீண்ட நேரம் இழுத்த தசை கொஞ்ச நேரத்துக்கு வெடிப்பாகத் தள்ளாது. தாவலுக்கு முன் கால் வீசுதல், ஸ்கிப்பிங் மாதிரித் துள்ளி நடப்பது, சின்னக் குதிகள் இவைதான் வேண்டும்.

24 வயது தாமதமா என்றால், இல்லை. தொழில்முறை பாலேக் குழுவில் சேர வேண்டுமென்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன். இந்தத் தாவலுக்கு வேண்டிய பலம், நேரக்கணக்கு இரண்டும் இந்த வயதில் நன்றாகவே வரும். வளரும் எலும்புகளோடு இதைச் செய்யும் பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

கடைசியாக உங்கள் ஆசிரியரிடம் பேச வேண்டியது. வலியை மறைக்காமல் இந்த வாரமே சொல்லுங்கள். இரண்டு வாரம் தாவ மாட்டேன் என்று சொல்லுங்கள். அடுத்தடுத்து மூன்று தாவல் என்றால் முதலாவதில் சரியாக இறங்காதவருக்கு இரண்டாவதற்கு நேரமே இருக்காது. ஆகவே நடுவில் உள்ளதை ஒரு திருப்பமாகவோ ஓட்டமாகவோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் மாற்றித் தருவார். முன்காலை முட்டி மடக்கி எடுத்து மேலே நீட்டும் வகைத் தாவலையும் கேட்டுப் பார்க்கலாம், முன்காலை நேராக வீச இன்னும் பலம் போதாதவர்கள் பலருக்கு அது சுலபமாக வருகிறது, பார்க்கவும் விரிந்து தெரியும். நிகழ்ச்சி எந்த அரங்கத்தில் என்று தெரிந்ததும் முன்கூட்டியே போய் மேடையில் நடந்து, குதிகாலால் தட்டிப் பாருங்கள். மரம் என்றால் உள்ளே வெற்றிடம் இருப்பது சத்தத்திலேயே தெரியும். சிமென்ட் மேல் கம்பளம் போட்ட மேடை என்றால் மூன்று தாவல் வேண்டாம். கடைசி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.